நந்தவனத்துக்குத் தண்ணீர் வார்த்த திருக்கச்சி நம்பி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பூவிருந்தவல்லியில் ஒரு வணிகர் வாழ்ந்தார். வீரராகவச் செட்டியார் என்று பெயர். அவருடைய மனைவி கமலை. அவர்களுக்கு நான்கு ஆண் பிள்ளைகள். மூன்று பிள்ளைகள் பணத்தைப் பெருக்கினார்கள். நான்காவது பிள்ளையோ பூச்செடி வளர்த்தார்.

பணத்தைப் பெருக்கியவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. பூச்செடி வளர்த்தவருக்குக் கோவிலில் சந்நிதி இருக்கிறது. அவர்தான் திருக்கச்சி நம்பி.

சென்னைக்கு மேற்கே, ஆவடியை ஒட்டி, கோவில்பதாகை என்ற ஊர் இருக்கிறது. ஏரி உள்ள ஊர். அங்கிருந்து ஆவடி வழியாகத் தெற்கே போனால் பூவிருந்தவல்லி வந்துவிடும். பூந்தமல்லி என்று எல்லோரும் சொல்வது அந்த ஊரைத்தான். இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்தது. இன்று வீடுகள் பெருகிவிட்டன. புது வீட்டுக்குக் குடி வந்தவர்கள் வாசலில் ஒரு மல்லிகையும் கொல்லையில் ஒரு செம்பருத்தியும் நடுகிறார்கள். நட்ட செடி பிழைக்குமா, கருகுமா என்று தினமும் எட்டிப் பார்க்கிறார்கள்.

நம்பியின் வாழ்க்கையும் இப்படிப் புதுச் செடிகளோடுதான் தொடங்கியது.

தகப்பனார் கொடுத்த பணம்

நம்பி 1009-ம் ஆண்டில், மாசி மாதம், மிருகசீரிட நட்சத்திரத்தில் பிறந்தார் என்பது வைணவ மரபு. பெற்றோர் அவருக்குக் கஜேந்திரதாசர் என்று பெயர் வைத்தார்கள். முதலை காலைப் பிடித்துக்கொண்டபோதும் கையில் இருந்த தாமரையை விடாமல் பெருமாளைக் கூப்பிட்ட யானைதான் கஜேந்திரன். ஆக, பெயரிலேயே பூ வந்துவிட்டது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். செட்டியார் தம் சொத்தை நான்கு பங்காகப் பிரித்தார். ஆளுக்கு ஒரு பங்கைக் கொடுத்து, வியாபாரம் செய்து முன்னுக்கு வரும்படி சொன்னார்.

மூத்தவர்கள் மூவரும் சரக்கு வாங்கினார்கள்; விற்றார்கள்; லாபம் பார்த்தார்கள். கடைசிப் பிள்ளை கடையே திறக்கவில்லை. கிடைத்த பணம் முழுவதையும் பெருமாளின் தொண்டுக்கும் அடியார்களின் சாப்பாட்டுக்கும் செலவு செய்தார்.

ஒரு நாள் தகப்பனார் கணக்குக் கேட்டார். மூன்று பிள்ளைகள் கணக்குக் காட்டினார்கள். நான்காவது பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. பணத்தைப் பாழாக்கியவன் என்று கடிந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் வணிகர் வீட்டில் இது சிறிய குற்றம் அல்ல. முதலைத் தொலைத்த பிள்ளைக்கு வீட்டிலும் மதிப்பு இல்லை, ஊரிலும் மதிப்பு இல்லை. நம்பி வாதாடவில்லை. வீட்டுச் சொத்தை மறந்துவிட்டுத் தம் வழியில் போனார். கையில் காசு இல்லை. ஆனால் இரண்டு கைகள் இருந்தன. அந்தக் கைகளை நம்பி ஒரு நந்தவனம் போட்டார்.

ஏற்றமும் குடமும்

நந்தவனம் என்பது கோவிலுக்காகவே பூ வளர்க்கும் தோட்டம். அதில் பறிக்கும் பூவை யாரும் தலையில் சூடமாட்டார்கள், முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பூ முழுவதும் பெருமாளுக்கே.

அந்தக் காலத்தில் மோட்டார் கிடையாது, குழாய் கிடையாது. கிணற்றிலிருந்து நீர் இறைக்க ஏற்றம் இருந்தது. ஆள் மேலே ஏறி முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். மாடு வைத்திருப்பவர்கள் கவலை கட்டி இறைத்தார்கள். இரண்டும் இல்லாதவர்கள் குடத்தில்தான் சுமக்க வேண்டும்.

குடத்தில் சுமப்பவருக்கு ஒவ்வொரு குடமும் கணக்கு. எந்தச் செடிக்கு எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பது தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் முதுகு வலி மிஞ்சும், செடி மிஞ்சாது. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகும் இன்றைய வீடுகளுக்கும் இந்தக் கணக்கு தேவை.

புதுச் செடியின் தாகம்

ஒரு செடியை நாற்றங்காலிலிருந்து பிடுங்கும்போது அதன் மெல்லிய வேர்கள் பல அறுந்துபோகின்றன. தண்ணீரை உறிஞ்சுபவை அந்த மெல்லிய வேர்கள்தான். ஆனால் மேலே உள்ள இலைகள் குறையவில்லை. இலை வழியாக நீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வரவு குறைந்துவிட்டது, செலவு குறையவில்லை. இதனால்தான் நேற்று வரை நிமிர்ந்து நின்ற செடி, நட்ட மறுநாள் தலை சாய்க்கிறது.

தொட்டியிலோ பையிலோ வளர்ந்த செடிக்கு வேறு ஒரு சங்கடம் உண்டு. அதன் வேர் எல்லாம் ஒரு மண் உருண்டைக்குள் சுருண்டு கிடக்கிறது. சுற்றியுள்ள நிலம் ஈரமாக இருந்தாலும் அந்த உருண்டை மட்டும் காய்ந்துவிடும். ஆகவே முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரைச் செடியின் அடியில், வேர் உள்ள இடத்தில் வார்க்க வேண்டும். தூரத்தில் வார்த்தால் களைதான் வளரும்.

செடியை நட்டவுடன் ஒரு தண்ணீர் நிறைய வார்க்க வேண்டும். அப்போதுதான் மண் இறங்கி வேரோடு ஒட்டும். மூன்றாம் நாள் மறுபடி வார்க்க வேண்டும். இதற்கு விவசாயிகள் வைத்த பெயர் உயிர்த் தண்ணீர். பெயரே போதும், அதன் அருமை விளங்கும்.

அதற்குப் பிறகு என்ன செய்வது? இங்குதான் பலர் தவறுகிறார்கள். சிலர் தினமும் இரண்டு கை நீரைத் தெளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேல் மண் நனைகிறது. ஓர் அங்குலத்துக்குக் கீழே புழுதி பறக்கிறது. நீர் மேலே இருப்பதால் வேரும் மேலேயே நிற்கிறது. கோடை வந்ததும் மேல் மண் சுடுகிறது, செடி கருகுகிறது.

வேறு சிலர் ஆசை மிகுந்து காலையிலும் மாலையிலும் குளம் கட்டுகிறார்கள். வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண்ணில் உள்ள சிறு துவாரங்கள் எல்லாம் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. இலை மஞ்சளாகிறது, வாடுகிறது. வாட்டத்தைப் பார்த்துத் தாகம் என்று எண்ணி இன்னும் இரண்டு குடம் வார்க்கிறார்கள். நட்ட செடிகள் பல தாகத்தால் சாவதில்லை. இந்தப் பாசத்தால்தான் சாகின்றன.

நல்ல வழி எளிமையானது. செடியைச் சுற்றி வட்டமாக ஒரு பாத்தி கட்ட வேண்டும். தண்டை ஒட்டிக் கொஞ்சம் மண்ணை அணைத்துவிட்டால் தண்டில் நீர் தேங்காது. வார்ப்பதற்கு முன்பு விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க, அடி வரை இறங்கும்படி வார்க்க வேண்டும்.

காலை நேரம் சிறந்தது. உச்சி வெயிலில் வார்த்தால் நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். இருட்டிய பிறகு இலை மேல் வார்த்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். நடுப்பகலில் தலை சாய்த்த செடி மாலையில் தானே நிமிர்ந்தால் அதற்குத் தாகம் இல்லை, வெயிலின் களைப்புதான். காலையிலும் வாடிக் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் விரலால் மண்ணைப் பார்க்க வேண்டும்.

பாத்தியில் காய்ந்த சருகையோ வைக்கோலையோ பரப்பினால் ஈரம் பல நாள் நிற்கும். நட்ட முதல் வாரத்தில் ஒரு தென்னங்கீற்றை மேற்குப் பக்கம் சாய்த்து வைத்தால் பிற்பகல் வெயில் தாக்காது. மணல் நிலத்தில் நீர் சீக்கிரம் இறங்கிவிடும். அங்கே சிறிது சிறிதாக, அடிக்கடி வார்க்க வேண்டும். களிமண் நீரைப் பிடித்து வைக்கும். அங்கே நாள் தள்ளி வார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. செடி புதுத் துளிர் விட்டதும் தண்ணீர் வார்க்கும் நாட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட வேண்டும். மல்லிகை வேர் பிடித்துவிட்டால், மண்ணின் தன்மையைப் பார்த்து, வாரம் ஒரு முறை போதும். அப்போதுதான் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். கீழே போன வேர்தான் கோடையைத் தாங்கும். வார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது. நிறுத்தவும் தெரிய வேண்டும்.

நம்பியின் பிற்கால வாழ்க்கையைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் மறுபடி மறுபடி நினைவுக்கு வரும்.

மொட்டாகப் புறப்பட்ட பூ

நந்தவனம் பூத்தது. நம்பி பூவைப் பறித்து மாலை கட்டினார். அதைக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோனார்.

பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சி சுமார் 50 கிலோமீட்டர். நல்ல நடைக்காரர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். இடையில் உட்காராமல் நடந்தாலும் பத்து மணி நேரம் ஆகும். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகவே பறிப்பது வழக்கம். அந்த மொட்டு மாலையில் மலரும். விடியலில் பூவிருந்தவல்லியில் பறித்த மொட்டு, காஞ்சி சந்நிதிக்குப் போய்ச் சேரும் நேரத்தில் வாய் திறக்கும்.

பாதி வழியில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. அங்கே ஒரு சிறுவன் இருந்தான். பூக்கூடையோடு போகும் இந்த மனிதரை அவன் பார்த்தான். முகத்தில் இருந்த ஒளி அவனைக் கவர்ந்தது. தங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும்படி அழைத்தான். நம்பியும் அந்த வீட்டுக்கு வந்து தங்கினார். அவர் சொல்லும் பெருமாள் கதைகளை அந்தச் சிறுவன் கண் இமைக்காமல் கேட்டான்.

அந்தச் சிறுவன்தான் இராமாநுஜர். 1017-ம் ஆண்டில் பிறந்தவர். பிற்காலத்தில் வைணவ உலகம் முழுவதற்கும் ஆசாரியராக விளங்கியவர். 2017-ம் ஆண்டில் அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழாவை நாடெங்கும் கொண்டாடினார்கள்.

விசிறியே வாழ்க்கை

காலப்போக்கில் நம்பி காஞ்சியிலேயே தங்கிவிட்டார். திருவரங்கத்தில் இருந்த ஆளவந்தார் என்ற பெரியவரை ஆசாரியராகக் கொண்டார்.

பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்ய வேண்டும் என்று நம்பிக்கு ஆசை. ஆலவட்டம் என்பது பெரிய விசிறி. முதலில் திருவரங்கம் போய் அரங்கனைக் கேட்டாராம். காவிரிக் காற்றே தமக்குப் போதும் என்று அரங்கன் சொல்லிவிட்டாராம். திருமலைக்குப் போனாராம். மலைக் குளிரில் விசிறி எதற்கு என்று வேங்கடவன் அனுப்பிவிட்டாராம். காஞ்சி வரதர் மட்டும், பிரமனின் வேள்வித் தீயில் தோன்றிய தமக்குச் சூடு தாங்கவில்லை என்று சொல்லி, விசிறச் சொன்னாராம். பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழும் கதை இது.

விசிறும்போது வரதர் நம்பியோடு பேசுவார் என்பது மரபு. அக்கம்பக்கத்து ஜனங்கள் இதை நம்பினார்கள். பெருமாளிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் நம்பியிடம் வந்து சொல்வார்கள். அவர் கேட்டு வந்து பதில் சொல்வார்.

ஒரு முறை தமக்கு மோட்சம் உண்டா என்று நம்பியே பெருமாளைக் கேட்டாராம். நீ விசிறியதற்குக் கூலியாக நான் பேசிவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது என்ற கருத்தில் பெருமாள் விளையாட்டாகப் பதில் சொன்னாராம். தகப்பனாரிடம் கணக்குக் காட்ட முடியாத பிள்ளைக்குப் பெருமாளே கணக்குக் காட்டிய வேடிக்கை அது.

சாலைக்கிணறு

இராமாநுஜர் வாலிபரானார். தகப்பனார் காலமானார். குடும்பம் காஞ்சிக்கு வந்தது. அங்கே யாதவப் பிரகாசர் என்ற ஆசிரியரிடம் வேதாந்தம் படித்தார். ஆசிரியர் சொன்ன சில பொருள்களை இராமாநுஜரால் ஏற்க முடியவில்லை. மறுத்துப் பேசினார். மனக்கசப்பு வளர்ந்தது. காசி யாத்திரை என்று அழைத்துப்போய் வழியில் அவரைத் தீர்த்துவிட ஏற்பாடு நடந்ததாக குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சிறிய தாயார் மகன் கோவிந்தர் இரகசியமாக எச்சரித்தார். இராமாநுஜர் விந்தியக் காட்டில் தனியே தப்பினார்.

திசை தெரியாத காடு. அங்கே ஒரு வேடனும் அவன் மனைவியும் துணைக்கு வந்தார்கள். விடியும் நேரத்தில் அந்தப் பெண் தாகம் என்றாள். இராமாநுஜர் கிணற்றில் இறங்கி நீர் கொண்டுவந்தார். திரும்பிப் பார்த்தால் அவர்களைக் காணோம். எதிரே காஞ்சிபுரம் தெரிந்தது. வந்தவர்கள் வரதரும் தாயாருமே என்று பக்தர்கள் நம்புகிறார்கள். அந்தக் கிணறுதான் செவிலிமேட்டில் உள்ள சாலைக்கிணறு.

இராமாநுஜர் உயிர் தப்பி வந்தார். ஆனால் உள்ளம் உலர்ந்திருந்தது. நம்பிய ஆசிரியரே பகைவர் ஆனார். படிப்பும் பாதியில் நின்றது. வேரோடு பிடுங்கி வேறு இடத்தில் நட்ட செடி போல் இருந்தார். தாயார் காந்திமதி அம்மாள், நம்பியைப் போய்ப் பார்க்கும்படி மகனுக்குப் புத்தி சொன்னார்.

நம்பி என்ன செய்தார்? கட்டுக்கட்டாகச் சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கவில்லை. பகைவரைப் பழி வாங்கவும் வழி சொல்லவில்லை. அந்தச் சாலைக்கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்து வரதருக்குக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு ஒரு குடம். பெரிய படிப்பாளியான இராமாநுஜர் அதைத் தலைமேல் கொண்டு செய்தார். தினமும் விடியலில் கிணற்றுக்கு நடந்தார். குடத்தைச் சுமந்து வந்தார். நாளாக நாளாகக் கசப்பு நீங்கியது, மனம் தெளிந்தது. துவண்டிருந்த செடி துளிர்த்தது.

நம்பி ஒரேயடியாக எதையும் கொட்டவில்லை, அளவாக வார்த்தார். ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

விருந்து

இராமாநுஜர் அந்தணர் குலத்தில் பிறந்தவர். நம்பி வணிகர் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி ஓர் அந்தணர் இவர் காலில் விழக்கூடாது. இவர் வீட்டுச் சோற்றைத் தொடக்கூடாது. ஆனால் இராமாநுஜர் நம்பியையே குருவாகக் கொள்ள விரும்பினார். அவர் காலில் விழுந்தார். நம்பி பதறினார். ஊர் வழக்கத்தைச் சொல்லித் தடுத்துவிட்டார்.

இராமாநுஜர் வேறு வழி யோசித்தார். நம்பியைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைப் பிரசாதமாக உண்டால் தாமும் தூய்மை அடையலாம் என்பது அவர் எண்ணம். நம்பியும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

அன்று இராமாநுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் சமைத்து வைத்தார். நம்பியை அழைத்துவர இராமாநுஜர் ஒரு தெரு வழியாகப் போனார். நம்பியோ வேறு தெரு வழியாக வந்துவிட்டார். கோவில் வேலைக்கு நேரமாகிறது, சீக்கிரம் இலை போட வேண்டும் என்று அந்த அம்மாளிடம் கேட்டுக்கொண்டார். சாப்பிட்டார், புறப்பட்டுப் போனார்.

தஞ்சமாம்பாள் தாம் பிறந்த வீட்டில் கற்ற ஆசாரப்படி நடந்தார். மீதியை அப்புறப்படுத்தினார். இடத்தைச் சாணம் இட்டு மெழுகினார். குளித்துவிட்டுக் கணவருக்காகப் புதிதாகச் சமைத்தார்.

இராமாநுஜர் திரும்பி வந்தார். ஈரத் தலையோடு நிற்கும் மனைவியைப் பார்த்தார். நடந்தது புரிந்தது. அவர் ஆசைப்பட்டது ஒரு பிடிச் சோறு. அதைக் குலவேற்றுமை தட்டிப் பறித்துவிட்டது. அந்த வேதனை அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. இராமாநுஜர் பிற்காலத்தில் குலம் பாராமல் அடியார்களை அணைத்துக்கொண்டார் என்றால், அதற்கு இந்த நாளும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

ஆறு வார்த்தை

இதற்கு முன்பே ஆளவந்தார் திருவரங்கத்தில் காலமாகிவிட்டார். அவரைப் பார்க்க ஓடிய இராமாநுஜர், அவருடைய திருமேனியைத்தான் பார்க்க முடிந்தது. காஞ்சிக்குத் திரும்பினார். அவர் மனத்தில் சில ஐயங்கள் இருந்தன. அவற்றைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியை வேண்டினார்.

நம்பி அன்றிரவு ஆலவட்டம் வீசும்போது கேட்டார். பெருமாள் சொன்னதாக ஆறு செய்திகளைக் கொண்டுவந்தார். திருமாலே பரம்பொருள், உயிர் வேறு, இறைவன் வேறு, சரணடைவதே வழி, கடைசி மூச்சின்போது நினைக்க முடியாவிட்டாலும் குற்றமில்லை, இந்த உடல் விழும்போது வீடு கிடைக்கும், பெரிய நம்பியைக் குருவாகக் கொள்ள வேண்டும். இவையே அந்த ஆறு வார்த்தைகள். வைணவர்கள் இன்றும் இவற்றைப் போற்றுகிறார்கள்.

ஆறாவது வார்த்தையைக் கவனிக்க வேண்டும். இராமாநுஜர் குருவாகக் கொள்ள ஆசைப்பட்டது நம்பியை. நம்பி விரும்பியிருந்தால் அவரைத் தம்மோடே வைத்துக்கொண்டிருக்கலாம். பிற்காலத்தில் நாடே வணங்கப்போகும் ஒரு சீடர் வாசலில் நின்றார். ஆனால் நம்பி வேறொருவர் பெயரைச் சொன்ன செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

இராமாநுஜர் புறப்பட்டார். பெரிய நம்பியும் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார். மதுராந்தகத்தில் இருவரும் சந்தித்தார்கள். அங்கேயே உபதேசம் நடந்தது. பிறகு இராமாநுஜர் துறவு பூண்டார், திருவரங்கம் சேர்ந்தார், பெரிய மரமாக வளர்ந்து பலருக்கு நிழல் தந்தார்.

செடி வேர் பிடித்தது என்று தெரிந்ததும் நம்பி கையை எடுத்துவிட்டார். அது கைவிட்டது ஆகாது. ஆழத்தில் உள்ள நீரைத் தேடிக்கொள்ளும்படி வழிவிட்டார்.

கடைசி நாட்கள்

நம்பி கடைசிவரை பட்டம், பதவி எதையும் தேடவில்லை. மடம் கட்டவில்லை. வரதர் மீது தேவராஜாஷ்டகம் என்ற வடமொழித் துதியை இயற்றினார். விசிறியைக் கீழே வைக்கவில்லை.

வயது ஏறியது. காஞ்சிக்கு நடக்கக் கால் ஒத்துழைக்கவில்லை. பூவிருந்தவல்லியில் இருந்தபடியே வரதரை நினைத்து உருகினார். பக்தர் நடக்க முடியாதபோது பெருமாளே நடந்து வந்தார் என்று ஊர் மக்கள் சொல்வார்கள். வரதர் மட்டும் வரவில்லை. விசிறி வேண்டாம் என்று முன்பு அனுப்பிய அரங்கனும் வேங்கடவனும் கூடவே வந்து காட்சி கொடுத்தார்களாம்.

பூவிருந்தவல்லி வரதராஜப் பெருமாள் கோவிலில் இந்த மூவருக்கும் சந்நிதிகள் இருக்கின்றன. தாயாரின் பெயர் புஷ்பவல்லி. நம்பிக்கும் தனிச் சந்நிதி உண்டு. மாசி மாதத்தில் அவருடைய திருநட்சத்திரத்தைக் கொண்டாடுகிறார்கள்.

வீரராகவச் செட்டியார் கொடுத்த பங்கைக் கடைசிப் பிள்ளை தொலைத்துவிட்டதாக அன்று ஊர் பேசியது. ஆயிரம் ஆண்டு கழித்துப் பார்த்தால், அந்த வீட்டின் பெயரை நிலைநிறுத்தியவர் அந்தக் கடைசிப் பிள்ளைதான்.

கோவில்பதாகையிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாசலில் மல்லிகை நடுகிறவர்கள் நம்பியை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். நட்ட அன்று நிறைய வார்க்கட்டும். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரை மறக்காமல் வார்க்கட்டும். பிறகு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, வேண்டிய அளவு வார்க்கட்டும். துளிர் கண்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுக்கட்டும்.

வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான்.